திறமூல மாநாட்டில் அரங்கு எடுக்கலாமா: ஒரு கேள்வியும் எங்கள் அனுபவமும்

கேள்வி, மார்ச் 4

நாங்கள் 9 பேர் கொண்ட மென்பொருள் நிறுவனம். எங்கள் கண்காணிப்புக் கருவியின் மூலநிரலை, அதாவது நிரலாளர்கள் எழுதிய வரிகளை, சென்ற ஆண்டு வெளியிட்டோம். அடுத்து நடக்கவிருக்கும் திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மாநாடு ஒன்றில் அரங்கு (ஸ்டால்) எடுக்கலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். அங்கே வருபவர்கள் மென்பொருளுக்குக் காசு கொடுக்காதவர்கள், ஆகவே அது வீண் செலவு என்பது என் கருத்து. அரங்கு எடுத்துப் பார்த்தவர்கள் யாராவது மறுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

பதில், மார்ச் 4, இரவு

நாங்கள் எடுத்திருக்கிறோம். சென்ற ஆண்டு, இரண்டு நாள். சர்வர்களுக்கான காப்புநகல் (பேக்கப்) மென்பொருள் ஒன்றைச் செய்கிறோம், அதைத்தான் காட்சிக்கு வைத்தோம்.

உங்கள் கருத்தில் பாதி சரி. அந்த அரங்கில் 61 மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்தோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அவற்றில் ஒன்றுகூட விற்பனையாக மாறவில்லை. ஆனால் வந்தவர்கள் காசு கொடுக்காதவர்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். அவர்களில் பலர் தாங்கள் வேலை செய்யும் இடத்தில் எந்த மென்பொருளை நிறுவலாம், எதை நிறுவக்கூடாது என்று சொல்லும் நிலையில் இருப்பவர்கள். கொள்முதல் ஆணையில் அவர்கள் கையெழுத்து இருக்காது. ஆனால் அந்த ஆணை எழுதப்படுவதற்கு முன்பே "இது வேண்டாம்" என்று அவர்கள் சொல்லிவிட்டால் விஷயம் அத்துடன் முடிந்துவிடும்.

முதலில் எந்த வகை மாநாடு என்று பாருங்கள். பிரஸ்ஸல்ஸ் நகரின் பல்கலைக்கழக வளாகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபோஸ்டெம் போன்றவற்றில் நுழைவுக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. அங்கே மேசைகள் கட்டற்ற, திறமூல மென்பொருள் திட்டங்களுக்காக ஒதுக்கப்படுகின்றன, நிறுவனத்தின் பெயரை விளம்பரப்படுத்த இடம் கேட்டுப் போவதில் பொருளில்லை. நிறுவனங்கள் ஆதரவுத் தொகை செலுத்தி அரங்கு பெறும் மாநாடுகள் வேறு வகை. நாங்கள் போனது இந்த இரண்டாம் வகையில் சிறிய ஒன்று.

ஒரே ஒரு அறிவுரை மட்டும் கேட்டால், விற்பனைப் பிரிவினரை அனுப்பாதீர்கள், நிரல் எழுதுபவர்களை மட்டும் அனுப்புங்கள் என்பேன்.

மார்ச் 5

நேற்று சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களும் அதே தவறைச் செய்யக்கூடும்.

எங்கள் அரங்கின் பின்புறம் ஆளுயரப் பதாகை ஒன்றை வைத்திருந்தோம். "முழுக்க முழுக்கத் திறமூலம்" என்று அதில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. சர்வரில் ஓடும் முகவர் நிரல், ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் மூன்றாம் பதிப்பின்கீழ் வெளியானது, அதில் குறையில்லை. நிர்வாகப் பலகையின் (மென்பொருளை நிர்வகிக்கும் திரையின்) மூலநிரலும் களஞ்சியத்தில் (மூலநிரலை வைக்கும் இணைய இடத்தில்) எல்லோரும் படிக்கும்படி இருந்தது. ஆனால் அதன் உரிமத்தில் "வணிக நோக்கில் பயன்படுத்தக்கூடாது" என்று ஒரு வரி இருந்தது. மூலநிரல் கண்ணுக்குத் தெரிந்தால் அது திறமூலம் என்று நாங்கள் உண்மையாகவே நம்பியிருந்தோம்.

முதல் நாள் அரங்கு திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒருவர் பதாகையைப் படித்தார், தன் மடிக்கணினியில் எங்கள் உரிமக் கோப்பைத் திறந்தார், அமைதியாக என்னிடம் திருப்பிக் காட்டினார். திறமூல வரையறையில் மொத்தம் 10 கூறுகள் உள்ளன; அவற்றில் ஆறாவது, எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் உரிமம் தடுக்கக்கூடாது என்று சொல்கிறது. வணிகமும் அப்படி ஒரு துறைதான். 1998இல் தொடங்கிய திறமூல முனைப்பு அமைப்பு, அதற்கு முந்தைய ஆண்டு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் தனக்காக எழுதிக்கொண்ட வழிகாட்டு நெறிகளிலிருந்துதான் இந்த வரையறையை உருவாக்கியது என்பதையும் அவரே விளக்கினார். அவர் குரலில் கோபம் இல்லை. "உங்கள் நிரல் நன்றாக இருக்கிறது, பதாகையில் இருப்பது மட்டும் உண்மை இல்லை" என்றார்.

நான் முதலில் வாதிட்டேன். "மூலநிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே" என்றேன். பார்க்க முடிவதும் பயன்படுத்த உரிமை இருப்பதும் ஒன்றா என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மதியத்துக்குள் வெள்ளைத்தாள் ஒட்டி அந்த வரியை மறைத்தோம். தாளின்மேல் "முகவர் நிரல்: ஜிபிஎல் 3. நிர்வாகப் பலகை: மூலநிரல் படிக்கலாம், வணிகப் பயன்பாட்டுக்கு எங்கள் அனுமதி வேண்டும்" என்று பேனாவால் எழுதினோம். அன்று மாலை வரை அந்தத் தாளைப் பார்த்து நின்றவர்கள்தான் அதிகம். சிலர் அதைப் படம் எடுத்தார்கள். ஏன் இந்தத் தாள் என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொன்னோம்.

மார்ச் 7

"அரங்கால் கிடைத்த பயன் என்ன, ஒன்றையாவது சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். இதோ.

செயல்விளக்கத்துக்காக ஒரு மடிக்கணினியில் எங்கள் மென்பொருளை நிறுவியிருந்தோம். கோப்புகளைக் காப்பெடுப்பது, அழிப்பது, மீட்பது, இவ்வளவுதான். பல ஆண்டுகளாகச் சர்வர்களைப் பராமரிப்பவர் என்று பேச்சிலேயே தெரிந்த ஒருவர் வந்து, தானே ஒரு கோப்பை உருவாக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். அவர் உருவாக்கிய கோப்பின் பெயரில் 233 என்ற மதிப்புள்ள ஒற்றை பைட்டைச் சேர்த்தார். எழுத்துகளை எண்களாக மாற்றிவைக்கும் முறைதான் குறியேற்றம். லத்தீன்-1 என்ற பழைய குறியேற்றத்தில் அது மேற்குறி இட்ட ஓர் எழுத்து. இன்று பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் அது தனித்து வர முடியாது. லினக்ஸைப் பொறுத்தவரை கோப்புப்பெயர் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. சாய்கோடும் சுழிய பைட்டும் தவிர வேறு எதுவும் அதில் இருக்கலாம். பெயர் எந்தக் குறியேற்றத்தில் இருக்கிறது என்பதைப் பற்றி லினக்ஸ் கருவகம் (இயங்குதளத்தின் மையப்பகுதி) கவலைப்படுவதே இல்லை.

காப்பெடுத்தோம். "வெற்றி" என்று பச்சை நிறத்தில் வந்தது. அழித்தோம். மீட்டோம். மற்ற எல்லாக் கோப்புகளும் வந்தன, அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

அந்தக் கணத்தை என்னால் மறக்க முடியாது. காப்புநகல் மென்பொருள் செய்யக்கூடாத ஒன்றே ஒன்று இருக்குமானால் அது இதுதான்: ஒரு கோப்பை விட்டுவிட்டு, விட்டுவிட்டேன் என்று சொல்லாமல் இருப்பது. பிழை என்று ஒரு சிவப்பு எழுத்து வந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

காரணத்தை அங்கேயே, அரங்கின் மேசையில் வைத்தே, கண்டுபிடித்தோம். எங்கள் நிரல் பைத்தான் 3 என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. யூடிஎஃப்-8இல் பொருந்தாத பைட்டுகள் கோப்புப்பெயரில் வந்தால் பைத்தான் அவற்றைத் தனிப்பட்ட மாற்றுக் குறிகளாக வைத்துக்கொள்ளும். 2009இல் வந்த 3.1 பதிப்பிலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. அதனால் கோப்பைத் திறப்பதிலும் படிப்பதிலும் சிக்கல் இல்லை. ஆனால் எந்தெந்தக் கோப்புகளைக் காப்பெடுத்தோம் என்ற பட்டியலை நாங்கள் யூடிஎஃப்-8 கோப்பாக எழுதினோம். மாற்றுக் குறிகளை அப்படி எழுத முடியாது என்று பைத்தான் பிழை எழுப்பியது. அந்தப் பிழையை, எந்தப் பிழை வந்தாலும் பிடித்துக்கொண்டு அடுத்த கோப்புக்குப் போ என்று நாங்கள் எப்போதோ எழுதிவைத்த நான்கு வரிகள் விழுங்கிவிட்டன. அந்த நான்கு வரிகளை எழுதியவன் நான்.

எங்களிடம் சில நூறு தானியங்கிச் சோதனைகள் இருந்தன. சோதனைகளில் வரும் கோப்புப்பெயர்கள் அனைத்தும் நாங்களே வைத்த ஒழுங்கான பெயர்கள். இருபது ஆண்டுகளாக ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாறிமாறி வந்த கோப்புகளைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் இப்படி ஒரு பெயரை வைத்துப் பார்க்கத் தோன்றும். அப்படிப்பட்டவர்கள் கூட்டமாக வரும் இடம் இந்த மாதிரி மாநாடுதான்.

மூன்று வாரம் கழித்து, அந்தக் கோப்பை உருவாக்கிப் பார்த்தவரே எங்கள் நிரலுக்கு ஒரு திருத்தம் அனுப்பினார். பதினான்கு வரிகள், கூடவே ஒரு சோதனை.

மார்ச் 8

ஒரு திருத்தம். அந்தக் கோப்புப்பெயர் வழு (நிரலில் உள்ள பிழை) முதல் நாளே வெளிப்பட்டதுபோல் நேற்று எழுதிவிட்டேனோ என்று சந்தேகம் வந்து குழுவில் விசாரித்தேன். அது இரண்டாம் நாள் காலையில் நடந்தது.

மார்ச் 11

"எங்கள் உரிமம் அப்பாச்சி 2, அதனால் உரிமம் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை" என்கிறீர்கள். அது முறையான திறமூல உரிமம்தான், ஆனாலும் கேட்பார்கள். இன்றைய உரிமம் எது என்பது களஞ்சியத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நாளை அதை மாற்றுவீர்களா என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

இப்படிக் கேட்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. மோங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருள் 2018 அக்டோபரில், திறமூலமாக ஏற்கப்படாத எஸ்எஸ்பிஎல் உரிமத்துக்கு மாறியது. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் 2021இல் அப்பாச்சி உரிமத்தை விட்டு விலகியது. அதன் பழைய நிரலை எடுத்துக்கொண்டு ஓப்பன்சர்ச் என்ற தனித் திட்டம் பிரிந்தது. சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்ம் 2023 ஆகஸ்டில் உரிமம் மாறியதும் அதேபோல் ஓப்பன்டோஃபு பிறந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தளம் மாறியது, சில நாட்களிலேயே அதிலிருந்து வால்கீ வந்தது. எலாஸ்டிக்சர்ச்சும் ரெடிஸும் பிற்பாடு ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தையும் ஒரு தெரிவாகச் சேர்த்துக்கொண்டன என்பதையும் சொல்ல வேண்டும். அரங்குக்கு வந்தவர்களில் சிலர் இந்த மாற்றங்களால் தங்கள் சர்வர்களில் மாதக்கணக்கில் வேலை செய்ய நேர்ந்தவர்கள். அவர்களிடம் "நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம்" என்று வாயால் சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை.

அவர்கள் பார்ப்பது பங்களிப்பாளர் ஒப்பந்தத்தை. வெளியிலிருந்து நிரல் அனுப்புபவர்கள், அதை வேறு எந்த உரிமத்திலும் வெளியிடும் அதிகாரத்தை நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும்படி உங்கள் ஒப்பந்தம் இருந்தால், நீங்கள் நினைத்த நாளில் மாற்றலாம் என்று பொருள். லினக்ஸ் கருவகம் 2004 முதல் பின்பற்றும் முறை வேறு: இந்த நிரலை இந்த உரிமத்தில் அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது என்று ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் பங்களிப்பவர் தன் பெயரால் ஒரு வரி இடுகிறார், அவ்வளவுதான். உரிமை பலர் கையில் சிதறிக் கிடப்பதால் யாரும் ஒருதலையாக உரிமத்தை மாற்ற முடிவதில்லை.

எங்களிடம் முதல் வகை ஒப்பந்தம் இருந்தது. ஒரு வழக்கறிஞர் தந்த மாதிரியை அப்படியே எடுத்துக்கொண்டோம், அதன் பொருளை யோசிக்கவே இல்லை. அரங்கில் ஐந்து பேர் தனித்தனியே அதைச் சுட்டிக்காட்டிய பிறகு, இரண்டு மாதம் விவாதித்து, இரண்டாம் முறைக்கு மாறினோம். அந்த விவாதம் எளிதாக இல்லை. ஒருநாள் நிறுவனத்தை விற்க நேர்ந்தால் வாங்குபவர் இதைக் குறையாகக் கருதுவார் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், அவர்கள் சொன்னது தவறும் இல்லை. ஆனாலும் நாங்கள் மாறினோம்.

உங்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் உரிமம் அப்பாச்சி 2 என்றால், பங்களிப்பாளர் ஒப்பந்தமே இல்லாவிட்டாலும் அடுத்த பதிப்பை நீங்கள் மூடிய உரிமத்தில் வெளியிட முடியும், அந்த உரிமம் அதை அனுமதிக்கிறது. ஆகவே இந்தக் கேள்வி எங்களைவிட உங்களிடம் இன்னும் அழுத்தமாக வரும்.

மார்ச் 14

எதிர்பாராத இன்னொரு வகைக் கேள்வி. "களஞ்சியத்தில் நேரடியாக எழுதும் அனுமதி எத்தனை பேருக்கு? வெளியீட்டுக் கோப்பை யார், எந்தக் கணினியில் தொகுக்கிறார்கள்?"

எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியில் பின்வாசல் (ரகசிய நுழைவழி) ஒன்று புகுத்தப்பட்ட விவகாரத்துக்குப் பிறகு வந்த கேள்வி இது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் அதை வெளிப்படுத்தினார். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் முறை) உள்நுழைவு அரை நொடி அளவுக்குத் தாமதமாவதைக் கவனித்து, அதன் காரணத்தைத் தேடிப் போனபோதுதான் பின்வாசல் அகப்பட்டது. அந்தச் சிறு திட்டத்தை நெடுங்காலம் தனி ஒருவராகச் சுமந்துவந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் புனைபெயரில் வந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து பெற்றிருந்தார். பின்வாசலை இயக்கும் தொகுப்புக் குறிப்பு (நிரலைத் தொகுக்கும்போது ஓடும் கட்டளைகள்) பொதுக் களஞ்சியத்தில் இருக்கவில்லை, பயனர்கள் இறக்கிக்கொள்ளும் வெளியீட்டுப் பொதிகளில் மட்டுமே இருந்தது. களஞ்சியத்தைப் படித்தவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை.

எங்கள் வெளியீட்டுப் பொதிகள் என்னுடைய மடிக்கணினியில் தொகுக்கப்பட்டவை. அதை நான் உள்ளபடியே சொன்னேன். கேட்டவர் அதைக் குறித்துக்கொண்டு, "ஒரே மூலநிரலிலிருந்து யார் தொகுத்தாலும் ஒரே பைட்டுகள் கிடைக்கும்படி செய்யுங்கள், பிறகு உங்கள் மடிக்கணினியை நான் நம்பத் தேவையில்லை" என்றார். டெபியன் திட்டத்தில் 2013 முதல் இதற்காக உழைத்துவருகிறார்கள். எங்கள் பொதிகளில் கோப்புகளின் வரிசையும் நேர முத்திரையும் தொகுக்கும் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டிருந்தன. அவற்றை நிலைப்படுத்த நான்கு நாள் வேலைதான் ஆயிற்று. பல ஆண்டுகள் அந்த நான்கு நாளை ஒதுக்காமல் இருந்திருக்கிறோம்.

மார்ச் 15

நடைமுறை பற்றிக் கேட்டதற்கு. மாநாட்டு வைஃபையை நம்பி எதையும் காட்டாதீர்கள். நிறுவத் தேவையான பொதிகள் அனைத்தையும் கணினியிலேயே வைத்திருங்கள். மின்நீட்டிப்புக் கம்பி இரண்டு கொண்டுபோங்கள். அரங்கில் எப்போதும் இருவர் இருக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை நிறுத்தக்கூடாது, களைத்துப்போனவர் தவறான பதில் சொல்வார். மடிக்கணினியை வருபவர் பக்கம் திருப்பி வையுங்கள், விசைப்பலகை அவர்கள் கைக்கு எட்டட்டும்.

மார்ச் 19

முதல் நாள் சொன்ன அறிவுரையைத் திரும்பப் பெறுகிறேன். விற்பனைப் பிரிவினரை அனுப்பாதீர்கள் என்று எழுதியது அநியாயம்.

எங்களுடன் வந்த நால்வரில் ஒருவர் விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவர். நிரல் எழுதுபவர்களாகிய நாங்கள் மூவரும் கேள்வி பாதி வந்ததும் பதிலைத் தொடங்கிவிடுவோம். எங்கள் நிரலைக் காப்பாற்றும் அவசரம். அவர் அப்படிச் செய்யவில்லை. கேள்வியை முழுவதும் கேட்டு, கேட்டவரின் சொற்களிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதி, எழுதியதைப் படித்துக்காட்டி, "இதுதானே கேட்டீர்கள்" என்று உறுதி செய்துகொண்டு, பிறகுதான் எங்களில் ஒருவரை அழைத்தார். நாங்கள் சொன்ன பதிலையும் பக்கத்திலேயே எழுதினார். இரண்டு நாளில் 43 கேள்விகள். நான் இந்தக் குறிப்புகளில் உங்களுக்குச் சொன்னவற்றில் பெரும்பகுதி என் நினைவில் இருந்தது என்று எண்ணியிருந்தேன். உண்மையில் அந்தக் குறிப்பேட்டைப் பலமுறை படித்ததால்தான் அவை என் நினைவில் இருக்கின்றன.

ஆகவே என் அறிவுரை இப்படி மாறுகிறது: தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடியவர்களை அனுப்புங்கள், அவர்கள் எந்தப் பிரிவாக இருந்தாலும் சரி. அவர்களில் ஒருவருக்கு எழுதுவது மட்டுமே வேலையாக இருக்கட்டும்.

ஏப்ரல் 2

குறிப்பேட்டைப் பற்றி எழுதிய பிறகு அதை மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இதுவரை கவனிக்காமல் விட்ட ஒரு பதிவு கண்ணில் பட்டது.

முதல் நாள் மாலை, ஒன்பதாவது கேள்வி: "எங்கள் கோப்புகள் பழைய சர்வர்களிலிருந்து வந்தவை, பெயர்கள் வெவ்வேறு குறியேற்றங்களில் இருக்கின்றன. எல்லாம் காப்பில் வருமா?" பக்கத்தில் பதில்: "வரும்." பதில் சொன்னவர் என்ற இடத்தில் என் பெயர்.

அதாவது, வழு வெளிப்படுவதற்கு முந்தைய நாளே ஒருவர் சரியாக அதே இடத்தில் கைவைத்துக் கேட்டிருக்கிறார். நான் சோதித்துப் பார்க்காமல் உறுதி கொடுத்திருக்கிறேன். அவர் அந்த உறுதியை நம்பி எங்கள் மென்பொருளை நிறுவியிருக்கலாம். அவருடைய முகவரி எங்களிடம் இல்லை. 61 முகவரிகளும், அரங்கில் நாங்கள் கொடுத்த ஒட்டிகளுக்காக (ஸ்டிக்கர்) படிவம் நிரப்பியவர்களுடையவை. கேள்வி கேட்டவர்களிடம் முகவரி கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. முகவரிகள் வீண் என்று மார்ச் 4 அன்று நான் எழுதியதன் தொனியும் சரியில்லை. தவறான பதிலைத் திருத்திச் சொல்ல ஒரு வழி வேண்டும், முகவரி அதற்குத் தேவைப்படுகிறது.

திருத்திய பதிப்பை வெளியிட்டபோது அறிவிப்பை எப்படி எழுதுவது என்று எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. "கோப்புப்பெயர்களைக் கையாள்வது மேம்படுத்தப்பட்டுள்ளது" என்று ஒரு வரி போதும் என்று ஒருவர் சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. இறுதியில் மாற்றப் பட்டியலின் முதல் வரியாக இப்படிப் போட்டோம்: "இதற்கு முந்தைய எல்லாப் பதிப்புகளிலும், யூடிஎஃப்-8இல் அமையாத பெயருள்ள கோப்புகள் காப்பில் விடுபட்டிருக்கும். மென்பொருள் அதை அறிவித்திருக்காது." பழைய காப்புகளில் எவை விடுபட்டன என்று கண்டறியும் சிறு நிரலையும் சேர்த்துக் கொடுத்தோம். அந்த மனிதர் அதைப் படித்திருக்க வேண்டும் என்று இன்று மிகவும் விரும்புகிறேன்.

இந்தக் குறிப்பைப் படிக்கும் யாராவது சென்ற ஆண்டு எங்கள் அரங்கில் அந்தக் கேள்வியைக் கேட்டவராக இருந்தால்: நான் சொன்ன பதில் தவறு. அந்த நிரலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஏப்ரல் 21

நீங்கள் அரங்குக்கு விண்ணப்பித்துவிட்டதை அறிந்து மகிழ்ந்தேன். பதாகையில் என்ன எழுதலாம் என்று கேட்டீர்கள். நாங்களும் இந்த ஆண்டு மீண்டும் போகிறோம், எங்களுடையதை நேற்றுதான் அச்சுக்குக் கொடுத்தோம். மேலே மென்பொருளின் பெயர். அதன்கீழ் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே உரிமம். நிர்வாகப் பலகை இப்போது ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் இருக்கிறது. அடுத்து, பொதிகளை நீங்களே தொகுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வழிமுறைக்கு ஒரு க்யூஆர் குறியீடு.

கீழ்ப்பாதியில் "இன்று வரை எங்களுக்குத் தெரிந்த, இன்னும் திருத்தாத வழுக்கள்" என்ற தலைப்பில் ஒரு பட்டியல். இப்போது அதில் 7 இருக்கின்றன. பட்டியலுக்குக் கீழே வெற்று வரிகள் விட்டிருக்கிறோம், மேசையில் பேனா இருக்கும். இந்த முறை குறிப்பேட்டில் கேள்வி, பதில் என்ற இரண்டு பத்திகளோடு, பதில் மாறினால் எங்கே தெரிவிப்பது என்று மூன்றாவது பத்தியும் உண்டு.